வீட்டுக்காரி போகவில்லை

தென்னை ஈர்க்கின் நுனியில் ஓர் இழுப்பு. தூண்டிலில் சின்னக் கெளுத்தி கொத்துவதைவிடக் குறைவான பலம்தான், ஆனாலும் மண்ணுக்குள்ளிருந்து வருவதால் ஈர்க்கைப் பிடித்திருக்கும் இரண்டு விரல்களும் திடுக்கிட்டுவிடும். வயல் வரம்பின் சரிவில், பாசி படர்ந்த களிமண்ணில், சோடாப் போத்தல் மூடியளவு வட்டமாக ஒரு கோடு இருக்கும். இடம் தெரிந்தவருக்கு மட்டும்தான் அது கண்ணில் படும். அந்தக் கோட்டுக்குள் ஈர்க்கைச் செருகி மெல்ல நெம்பினால் மண்ணே ஒரு மூடியாகக் கிளம்பும். கிளம்பிய அதே கணத்தில் உள்ளேயிருந்து யாரோ அதைப் பிடித்துக் கீழே இழுப்பார்கள். இருபது வருடமாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் எத்தனையோ கதவுகளைத் தட்டியிருக்கிறேன், திறந்திருக்கிறேன், ஆத்திரத்தில் அடித்துச் சாத்தியும் இருக்கிறேன். அந்த ஒரு இழுப்பை மட்டும் என் விரல்கள் மறக்கமாட்டோம் என்று அடம் பிடிக்கின்றன.

அது ஒரு சிலந்தி. மூலையில் வலை பின்னித் தொங்குகிற சிலந்தியல்ல. மண்ணைக் குடைந்து, குழியின் உட்சுவரை நூலால் மெழுகி, வாசலுக்கு மண்ணும் நூலும் சேர்த்து ஒரு கதவு செய்து, அந்தக் கதவுக்கு ஒரு பக்கம் பிணைச்சலும் வைத்து, உள்ளே குந்திக்கொண்டிருக்கும் கறுத்த, மினுங்கல் உடம்புச் சிலந்தி. பெரியவர்களைக் கேட்டால் "ஏதோ பூச்சி, கிட்டப் போகாத" என்பதற்கு மேல் ஒரு பெயர் வராது. நானும், ராத்தா என்று நான் அழைக்கும் என் அக்காவும் அதை "வீட்டுக்காரி" என்று அழைத்தோம். பெயர் வைத்தது ராத்தாதான், வைத்ததற்குக் காரணமும் இருந்தது.

எங்கள் பக்கம் அறியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கல்முனையிலிருந்து தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லாமல் நெருங்கிக் கிடக்கும் எங்கள் ஊர்களில் வீடு என்பது பெண்ணுக்குரியது. பெண் பிறந்த அன்றைக்கே தகப்பனுக்கு வீட்டுக் கவலை தொடங்கிவிடும். மூத்தவளுக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்கு ஒரு வீடு, கடைசிப் பெண்ணுக்குத் தாய் தகப்பன் குடியிருக்கிற வீடு. மாப்பிள்ளை தன் உம்மாவின் வீட்டை விட்டு உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். வீடில்லாத பெண்ணுக்கு அழகு இருந்தும் படிப்பு இருந்தும் காரியமில்லை, அவளைப் பற்றிக் கதைக்க வருகிறவர்கள் முதலில் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அதனால்தான் தனக்கென்று வீடும் கதவும் உள்ள அந்தப் பூச்சியைக் கண்டதும் ராத்தா, "எங்கள விட இது வசதி புள்ள, இவதான் வீட்டுக்காரி" என்று சிரித்தாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பத்து. வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும்.

ராத்தாவுக்கும் ஒரு வீடு இருந்தது. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் வாப்பா வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, கூரை ஏற்றி, கதவு மட்டும் போடாமல் வைத்திருந்த வீடு. சுனாமியன்று அதைக் கடல் கொண்டுபோனது. நாங்கள் இருந்த வீடு உள்ளே தள்ளி இருந்ததால் தண்ணீர் முழங்காலளவோடு நின்றுவிட்டது, எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்கம்பக்கத்தில் ஜனாஸா எடுக்காத வீடு இல்லை என்ற நிலையில், உயிர்ச்சேதமில்லாத நாங்கள் ஒரு வெறும் வீட்டுக்காக வாய் திறந்து அழ வெட்கப்பட்டோம். உம்மா மட்டும் குசினிக்குள் போய், அடுப்புப் புகை என்ற சாட்டில், மாதக்கணக்காக அழுதார். பிறகு கடலோரத்தில் இனிக் கட்டக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. இருந்த நிலமும் நிலமில்லை என்றாகியது.

ராத்தாவுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. பேச்சு முடிந்த நாளிலிருந்தே மாப்பிள்ளையின் உம்மாவை நாங்கள் "மாமி" என்று அழைக்கத் தொடங்கியிருந்தோம். மாமி கெட்ட மனுசியல்ல, அதைச் சொல்லாவிட்டால் நான் பொய் எழுதியவளாவேன். கடல் வந்து ஒரு வருடம் அவர் வாயே திறக்கவில்லை. இரண்டாவது வருடம்தான், வெற்றிலையை மென்றுகொண்டு, யாரையும் பார்க்காமல், "வீடு முழுசா வேணாம், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி அத்திவாரத்தயாச்சும் கண்ணால கண்டா எனக்கும் நாலு பேருக்கிட்டச் சொல்லலாம்" என்றார். எங்கள் வீட்டை ராத்தாவுக்குக் கொடுத்துவிடலாம், சின்னவளுக்குப் பிறகு பார்ப்போம் என்று உம்மா ஒரு யோசனை சொன்னார். வாப்பா பதில் சொல்வதற்கு முன்பே ராத்தா எழும்பிவிட்டாள். "தங்கச்சிட வீட்டில நான் என்னத்துக்குக் குந்தோணும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மிஞ்சியிருந்தது வயல். எங்கள் ஊரில் வயற்பரப்பை "வட்டை" என்போம். ஊருக்கு மேற்கே, தெருவோரமாக வாப்பாவுக்கு ஒரு துண்டுப் பூமி அந்த வட்டையில் இருந்தது. கடல் வந்த பிறகு அந்தத் தெருவோரம் முழுக்க வயலை மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். உழவு மெஷின் என்று நாங்கள் சொல்லும் டிராக்டரின் பெட்டியில் "கிறவல்" என்ற சரளை மண் வந்து கொட்டும், நெல் நின்ற இடத்தில் சிவப்பு மேடு எழும்பும், மூன்றாம் நாள் அத்திவாரம் வெட்டுவார்கள். வயலை மூடுவது சட்டப்படி பிழைதான். ஆனாலும் வீடிழந்த சனம் வேறெங்கே போவது என்று நினைத்தோ என்னவோ, கேட்க வேண்டியவர்கள் அந்த நாட்களில் கண்டும் காணாமல் இருந்தார்கள். வாப்பாவும் அந்தப் போகம் விதைக்காமல் பூமியைச் சும்மா போட்டுவிட்டு, மெஷின்காரரைப் பிடித்து நாளும் குறித்துவிட்டார். மெஷின் தெருவிலிருந்து வயலுக்குள் இறங்குவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில்தான் மருதமர நிழலில், வாப்பாவின் வாப்பா காலத்திலிருந்து யாரும் வெட்டாத, கட்டிலளவு அகலமான பழைய வரம்பு கிடந்தது. அந்த வரம்பில்தான் வீட்டுக்காரி இருந்தாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பத்து வயதில் எனக்கு அது வரவில்லை, இப்போதும் வருவதில்லை என்று என் கணவர் சொல்வார். மெஷின் வருவதற்கு முதல்நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு வரம்பில் நின்று அளவு பார்த்துக்கொண்டிருந்த வாப்பாவிடம், ஏதோ புதையலைக் காட்டுகிறவள் மாதிரி, ஈர்க்கால் அந்தக் கதவைத் திறந்து காட்டினேன். ஒன்றல்ல, ஐந்தாறு கதவுகளைக் காட்டினேன். உள்ளிருந்து கதவை இழுத்துச் சாத்துவதைக் கண்ட வாப்பா அப்படியே குந்திவிட்டார், எழும்பவேயில்லை.

"இது சிலந்திதானே மகள்?" என்று கேட்டார்.

"ஓம் வாப்பா, சிலந்திதான். வீடு கட்டியிரிக்கி."

எங்கள் வீடுகளில் சிலந்தியை அடிக்கமாட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எதிரிகளுக்குத் தப்பிக் குகைக்குள் இருந்தபோது, வாசலில் வலை பின்னி ஆள் நுழையாத குகை என்று தோன்ற வைத்த பூச்சி என்று சின்னப் பிள்ளைக்கும் சொல்லி வைத்திருப்பார்கள். ஒட்டறை அடிக்கிறபோதுகூட உம்மா சிலந்தியைத் தும்புத்தடியில் ஏற்றி வெளியே வேலியில் விட்டுவிட்டுத்தான் வலையைத் துடைப்பார். வாப்பா அந்த வரம்பையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "வாசல் காத்த சாதி மகள் இது. அதுட வீட்ட ஒடச்சி என்ட புள்ளைக்கு வீடு கட்டினா, அந்த வீட்டில பரக்கத் இரிக்குமா?"

மெஷின்காரருக்கு ஆள் அனுப்பி வர வேண்டாம் என்றார். மாரி தொடங்கட்டும், தண்ணீர் ஏறினால் மண்ணுக்குள் இருக்கிற சீவன்கள் தாமாகவே மேட்டுக்குக் குடியெழும்பிவிடும், எறும்பு போவதில்லையா, அதற்குப் பிறகு வரம்பை வெட்டினால் பாவம் சேராது என்பது அவருடைய கணக்கு. பிழையான கணக்கு என்று சொல்ல அங்கே யாருக்கும் அந்தப் பூச்சியைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. நான் கண்டுபிடித்த பூச்சிக்காக வாப்பா மெஷினையே நிறுத்திவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். ராத்தாவின் முகத்தைப் பார்க்க எனக்கு நினைவு வரவில்லை.

மழைக்கு முன்பாகவே தெருவோரத்தில் எங்கள் துண்டுக்கு இடப்புறமும் வலப்புறமும் மேடாகிவிட்டன. வட்டைக்குப் போய்வருகிற எல்லோரும் வாப்பாவிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், வாப்பா எல்லோருக்கும் "போடத்தான் போறன்" என்ற ஒரே பதிலைச் சொன்னார். சிலந்தி என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். உம்மாதான் ஒருநாள் வெடித்துவிட்டார். "பூச்சி குடியெழும்பும் எண்டு நீங்க காத்திரிங்க. என்ட புள்ள கிழவியாப் போகட்டும்" என்று பானை மூடியை நிலத்தில் போட்டார். வாப்பா எழும்பித் தொழுகைக்கு வுளூச் செய்யப் போய்விட்டார். ராத்தா உருண்டுபோன மூடியை எடுத்துக் கழுவி வைத்தாள்.

பிறகு மாரி வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்து நான்காம் நாள் மழை கொஞ்சம் விட்டபோது, வட்டை ஓரமெங்கும் மெலிந்த, கால் நீண்ட, கறுத்த சிலந்திகள் திரியத் தொடங்கின. வரம்பில் நடந்தன, தெருவைக் கடந்தன, இரண்டு மூன்று வயலோரத்தில் இருந்த எங்கள் வாடிக் குடிலின் தண்ணீர் வாளிக்குள் விழுந்து செத்தும் கிடந்தன. அன்று வாப்பா நனைந்த தொப்பியோடு வீட்டுக்கு ஓடிவந்ததை நான் ஒருநாளும் மறக்கமாட்டேன். பெருநாளைக்குப் பிறை கண்டவர் மாதிரி வாசலிலேயே நின்று, "குடியெழும்புதுகள்! அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் குடியெழும்பிப் போகுதுகள்" என்று உம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. ஆனாலும் மனுசன் அவசரப்படவில்லை. இன்னும் சில நாள் போகட்டும், ஒன்றும் மிஞ்சக்கூடாது என்றார். சில நாள் இரண்டு கிழமையாகியது.

அப்போதுதான் மாமி வந்தார். இந்த முறை வெற்றிலை வாங்கவில்லை, தேத்தண்ணியையும் பாதியில் வைத்துவிட்டார். மகனுக்கு வேறிடத்திலும் கேட்கிறார்கள், நானும் எவ்வளவு நாளைக்குத்தான் பிடித்து வைப்பது என்று உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் போன பிறகு வாப்பா நாளைக்கே மெஷினைக் கூப்பிடுவது என்று முடிவெடுத்தார். ஆனால் வாப்பாவின் மனசு வாப்பாவின் மனசுதான். அந்த மெல்லிய கோட்டைக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கண் தெரியாத அவர் என்னைக் கூப்பிட்டு, "வரம்பில போய் ஒருக்காப் பாத்திட்டு வா மகள். ஒண்டாவது இரிந்தா வந்து சொல்லு" என்றார்.

போனேன். மழைக்குப் பாசி தடித்து வளர்ந்திருந்ததால் கோட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட்டேன். முதல் கதவில் ஈர்க்கைச் செருகினேன். அது திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நெம்பினேன். உள்ளேயிருந்து இழுப்பு வந்தது, எப்போதையும்விட உறுதியான இழுப்பு. இரண்டாவதிலும் வந்தது. மூன்றாவதில் மூடி கொஞ்சம் கிளம்பியபோது அவளுடைய முன்கால் இரண்டும் கதவின் உட்புறத்தில் ஊன்றியிருந்ததைக் கண்டேன். ஒருத்திகூடப் போயிருக்கவில்லை. வெளியில் அத்தனை மழை பெய்தும் அந்தக் குழிக்குள் ஈரம் ஏறாமல் அவரவர் வீட்டில் அவரவர் இருந்தார்கள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் உண்மையைச் சொல்வதாகத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது ராத்தா உள்வாசலில் இருந்தாள். தைத்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் ஊசியில் நூலில்லை. வெறும் ஊசியைத் துணியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். வாப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"போயிட்டுதுகள் வாப்பா. வீடெல்லாம் சும்மாக் கிடக்கு" என்றேன்.

ராத்தா தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாப்பா கண்ணை மூடி எதையோ ஓதி முகத்தைத் தடவிக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் வரம்பை வெட்டினார்கள். நான் போகவில்லை, வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். சேற்றில் மெஷின் புதைந்து புதைந்து, பகல் முழுக்க மூன்று பெட்டி மண்தான் கொட்ட முடிந்தது. மறுநாள் நான்காவது பெட்டி வருவதற்கு முன்னர் அரசாங்கக் காரியாலயத்திலிருந்து உத்தியோகத்தர் ஒருவர் வந்து நின்றார். இனி இந்த வட்டையில் ஒரு கூடை மண்ணும் விழக்கூடாது என்று மேலிடத்து உத்தரவாம், முந்தின கிழமை வந்ததாம். மேடாக்கி முடித்தவர்கள் முடித்தவர்கள், மற்றவர்கள் நிறுத்த வேண்டியதுதான். வாப்பா இரண்டு கையையும் கட்டிக்கொண்டு மன்றாடினார் என்று மெஷின்காரர் பிறகு உம்மாவிடம் சொன்னார். அந்த உத்தியோகத்தரும் இரக்கப்பட்டுத்தான் கேட்டாராம்: "போன மாசம் இந்தத் தெருவே மண் கொட்டக்குள்ள நீங்க என்ன செஞ்சிட்டு இரிந்தீங்க ஹாஜியார்?"

வாப்பா ஹஜ்ஜுக்குப் போனவரல்ல. தாடியைப் பார்த்து எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். சிலந்தி என்று எப்படிச் சொல்வது? "மழ, சேர்" என்றாராம். போன மாதம் மழையே தொடங்கியிருக்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்து போனது. அத்திவாரம் இல்லை. மாப்பிள்ளை அடுத்த ஊரில் ஒரு வீட்டுக்குப் போனார். மாமி ஒரு தட்டில் வட்டிலப்பம் அனுப்பியிருந்தார், அதை உம்மா ஆட்டுக்கு வைத்தார். பிறகும் இரண்டு மூன்று பேச்சு வந்தது. வந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள், இது சின்னவளுடைய வீடா என்று கேட்டார்கள், போனார்கள். கொட்டிய மூன்று பெட்டி மண் தண்ணீர் வாய்க்காலை அடைத்துவிட்டதால் அந்தப் பூமியில் அதற்குப் பிறகு நெல்லும் விளையவில்லை. வீடும் ஆகாமல் வயலும் ஆகாமல் மூன்று சிவப்பு மண்குவியல்கள் புல் முளைத்துக் கிடந்தன.

இவ்வளவிலும் வாப்பாவுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது. கதை வரும்போதெல்லாம் அவர், "காரியம் நடக்கல்ல, அது அல்லாட நாட்டம். ஆனா அந்தச் சீவனுகள் போன பொறகுதான் நான் மண்ணக் கொட்டினன், அதில எனக்குப் பாவக் கணக்கில்ல" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். பல வருடத்துக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் ஒரு மௌலவி அந்தக் குகைச் சிலந்திச் சம்பவம் பலவீனமான அறிவிப்பு, உறுதியான ஆதாரம் இல்லை என்று பயான் செய்தாராம். வாப்பா ஜும்ஆ முடிந்து வந்து சோற்றுக் கோப்பையின் முன்னால் குந்தினார். பிறகு, "அறிவிப்பு பலவீனமெண்டா என்ன, பூச்சிட வீடு வீடுதானே" என்று தனக்குள் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ நாள் வாய்த்தது. சொன்னால் அந்த மனுசனிடம் மிஞ்சியிருந்த ஒன்றையும் பறித்தவளாவேன் என்று சொல்லாமலே இருந்தேன். அவர் வஃபாத்தாகி ஏழு வருடமாகிறது. உம்மாவும் அடுத்த வருடமே போய்விட்டார்.

இப்போது இந்த வீடு என்னுடையது. கடைசிப் பெண் என்பதால் வழமைப்படி எனக்கு வந்தது, என் கணவர் உடுப்புப் பெட்டியோடு இங்கே வந்தார், பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கேதான் பிறந்தார்கள். ராத்தா பின்னறையில் இருக்கிறாள். நாற்பத்திரண்டு வயது. தங்கச்சியின் வீட்டில் நான் எதற்குக் குந்த வேண்டும் என்று கேட்டவள்தான். பதிவெடுக்கவோ வேறெதற்கோ ஆள் வந்து "வீட்டுக்காரி ஆரு?" என்று கேட்கும்போது, முன்னால் நிற்கிற ராத்தா உள்ளே திரும்பி என்னைக் காட்டுவாள். அவள் கோபமாகக் காட்டினால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். சாதாரணமாகத்தான் காட்டுகிறாள்.

போன மாதம் என் கணவர் படிப்பிக்கிற பாடசாலைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவி வந்திருந்தாள். மண்ணுக்குள் கதவு வைத்து வாழும் சிலந்தியைத் தேடி வட்டை வட்டையாகத் திரிகிற பிள்ளை. கணவர் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தார். தொலைபேசியில் அவள் காட்டிய படத்தைக் கண்டதும் என் விரல்கள் இரண்டும் தாமாகச் சுருங்கின. இது அதிகம் பேர் கண்டிராத இனம், இதைப் பற்றி ஒழுங்காக யாரும் எழுதி வைக்கவுமில்லை, நீங்கள் எந்த இடத்தில் கண்டீர்கள் என்று அவள் ஆசையாகக் கேட்டாள். நான் கூட்டிப்போனேன். தெருவின் இரு பக்கமும் மாடி வீடுகள், நடுவில் எங்கள் மூன்று குவியல்கள். மருதமரத்தையும் யாரோ தறித்துவிட்டார்கள். அவள் விடவில்லை, நாவிதன்வெளிப் பக்கம் வரைக்கும் இரண்டு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு பழைய வரம்புகளைத் தேடினாள். இப்போதெல்லாம் வரம்பை மெஷினால் ஒவ்வொரு போகமும் சீவிவிடுகிறார்கள், களைக்கு மருந்தும் அடிக்கிறார்கள். ஒரு கதவுகூட இல்லை.

போகிறபோது எங்கள் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அவள் சொன்னவற்றை நான் கேட்காமலே இருந்திருக்கலாம். பெண் சிலந்தி தான் தோண்டிய குழியை விட்டு ஆயுளுக்கும் வெளியேறாதாம். மழை வந்தாலும் வறட்சி வந்தாலும் அங்கேயேதானாம். வயது வந்த ஆண்தான் மாரியில் தன் குழியை விட்டுக் கிளம்பி, பெண்ணின் கதவைத் தேடிப் போய்த் தட்டுமாம், சில கிழமையில் செத்தும் போகுமாம். வாப்பா குடியெழும்புகின்றன என்று கண்டவை மாப்பிள்ளைகள். ஆண் வீட்டை விட்டுப் போவதும் பெண் வீட்டோடு இருப்பதும் எங்களுக்கென்ன புதினமா? நாங்களே தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் வாழ்கிறோம். உலகத்தில் வேறெந்த ஊர்க்காரருக்கு விளங்காவிட்டாலும் எங்கள் வாப்பாவுக்கு விளங்கியிருக்க வேண்டும். பெண் எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்டேன். இந்தச் சாதிச் சிலந்திகளில் சில இருபது வருடம்கூட இருக்கும் என்றாள். மண் மூடாதிருந்தால் இன்றைக்கும் அதே கதவை உள்ளிருந்து பிடித்துக்கொண்டு இருந்திருப்பாள்.

மாணவி போன பிறகு குசினியில் நானும் ராத்தாவும்தான். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். சூடை மீனின் தலையை நறுக்கிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. இருபது வருடம் அடக்கி வைத்ததை நான் அப்போது சொல்லிவிட்டேன்: "ராத்தா, அண்டைக்கு அதுகள் போகல்ல. நான் கண்டனான். வாப்பாக்கிட்டப் பொய் சொன்னன்."

"தெரியும்" என்றாள்.

"எப்பிடி?"

"உன்ட மொகத்தப் பாத்தாத் தெரியாதா? எனக்காகத்தானே சொன்னாய்." இன்னும் இரண்டு மீனை நறுக்கினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, அழுகையும் இல்லை, உண்மையாகவே பதில் வேண்டும் என்பவள் மாதிரிக் கேட்டாள்: "சொல்லத்தான் போறாய் எண்டா, அந்தப் பொய்ய ஒரு மாசத்துக்கு முந்தியே சொல்லியிரிக்கப்படாதா புள்ள?"

கேட்டுவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு மீன் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். அன்றிரவு அந்த மீனைத்தான் கறியாக்கி எல்லோருக்கும் அவள் கையாலேயே போட்டுத் தந்தாள், நானும் சாப்பிட்டேன்.